உத்தரவாதப் பென்ஷன்: எது உறுதி, எது உறுதியன்று?

மாதச் சம்பளமில்லாத உழவருக்கும் கூலிக்காரருக்கும் முதுமையில் கையில் நாலு காசு கிடைக்க வேண்டுமென்று 2015-ஆம் ஆண்டில் மத்திய சர்க்கார் அடல் பென்ஷன் திட்டத்தைத் தொடங்கிற்று. சேமிப்புக் கணக்குள்ள 18 முதல் 40 வயது வரையிலானவர்கள் இதில் சேரலாம். வருமான வரி செலுத்துவோருக்கு மட்டும் 2022 அக்டோபர் முதல் இடமில்லை. சேர்ந்தவர், தாம் தேர்ந்தெடுத்தபடி மாதம் 1,000 முதல் 5,000 ரூபாய் வரை, 60 வயதிலிருந்து ஆயுள் உள்ளமட்டும் பெறுவார்.

உத்தரவாதம் என்ற சொல்லைக் கேட்டதும் பலர் மேற்கொண்டு விசாரிப்பதில்லை. நாம் சற்று விசாரிப்போம். கட்டும் சந்தா முதலீடு செய்யப்படுகிறது. அதன் வருவாய் வாக்களித்த பென்ஷனுக்குப் போதாமற்போனால் குறைவைச் சர்க்கார் ஈடு செய்யும்; மிஞ்சினால் அது சந்தாதாரரையே சேரும். அவர் காலமானபின் மனைவிக்கு அல்லது கணவருக்கு அதே பென்ஷன் தொடரும். இருவரும் மறைந்தால் மூலதனம் நாமினிக்குச் செல்லும். 1,000 ரூபாய்ப் பென்ஷனுக்குத் திட்ட அட்டவணை குறிப்பது 1,70,000 ரூபாய்.

இந்த 1,70,000 ரூபாயைத் தம் பெயரில் கிடக்கும் ரொக்கமென்று சிலர் எண்ணிவிடுகிறார்கள். அப்படியன்று. மகள் கலியாணத்துக்கென்றோ கிணறு வெட்டவென்றோ இடையில் விலகினால், தாம் கட்டியதும் அதன்மேல் சேர்ந்த வருவாயும்தான், செலவு போகக் கிடைக்கும்.

இன்னொன்று, விலைவாசி. ஆண்டுக்கு நூற்றுக்கு 6 வீதம் விலை ஏறுவதாக வைத்துக்கொள்வோம். 1,000 ரூபாய்ப் பென்ஷனுக்காக 40 வயதில் மாதம் 291 ரூபாய் கட்டத் தொடங்குபவர் 20 ஆண்டு கழித்து வாங்கும் 1,000 ரூபாய், இன்றைய 312 ரூபாய்க்குச் சமம். 18 வயதில் 42 ரூபாய் கட்டத் தொடங்கும் இளைஞரின் 1,000 ரூபாயோ சுமார் 87 ரூபாய்க்குத்தான் சமம்! உத்தரவாதம் ரூபாய்க்கே, அது வாங்கும் அரிசிக்கன்று.

இதனால் திட்டத்தை ஒதுக்க வேண்டுமென்று நாம் கூறவில்லை. நிதியாண்டுக்கு ஒருமுறை பென்ஷன் தொகையை உயர்த்திக்கொள்ள இடமுண்டு. அப்போது முந்திய காலத்துக்குரிய வித்தியாசத்தையும் கட்ட வேண்டியிருப்பதால், முன்னதாகவே உயர்த்துவது நலம். அறுவடையை நம்பியிருப்பவர் சந்தாவை மாதந்தோறுமின்றி அரையாண்டுக்கு ஒருமுறை கட்டலாம். பஞ்சாயத்து அங்கத்தினர்கள் கிராம சபையில் இத்திட்டத்தை எடுத்துரைக்கும்போது, 1,000 ரூபாய் என்பதோடு நில்லாமல் இந்த 87 ரூபாய்க் கணக்கையும் போட்டுக் காட்டுதல் வேண்டும்.