வாங்கப்பட்டது பூங்கா அல்ல

கூலாய்

அன்புள்ள தம்பி,

லெகோலாந்து பூங்கா கைமாறினால் நம் ஜொகூர்ப் பக்கம் என்ன ஆகும் என்று கேட்டிருந்தாய். அதோடு விட்டிருக்கலாம். "பெரிய கம்பெனி வாங்கினால் காசு கொட்டும், பூங்கா தானாக வளரும்" என்று ஒரு வரியையும் சேர்த்திருந்தாய் பார், அதுதான் என்னை எழுத உட்கார வைத்தது. வாட்சாப்பில் இந்தப் பேச்சைப் படித்துப் படித்து எனக்கு அலுத்துவிட்டது.

கெந்திங் மலையை எடுத்துக்கொள். 2013இல் அங்கிருந்த பழைய வெளிப்புறப் பூங்காவை மூடிவிட்டு, உலகின் முதல் டுவென்டியத் செஞ்சுரி ஃபாக்ஸ் பூங்காவைக் கட்டுவதாகக் கெந்திங் நிறுவனத்தார் அறிவித்தார்கள். நிலமும் செலவும் கெந்திங்கினுடையவை. ஃபாக்ஸ் தந்தது, தன் பெயரையும் படங்களையும் பயன்படுத்திக்கொள்ளும் உரிமம். திறப்பு தள்ளிக்கொண்டே போனது. 2017 டிசம்பரில், ஃபாக்ஸின் பெரும்பகுதியை வாங்கப்போவதாக டிஸ்னி அறிவித்தது. மறு ஆண்டு நவம்பரில் கெந்திங் கலிஃபோர்னியாவில் வழக்குப் போட்டது. கேட்ட நட்டஈடு நூறு கோடி டாலருக்கு மேல். கெந்திங்கின் சூதாட்ட விடுதிக்குப் பக்கத்தில் இருக்க டிஸ்னிக்கு மனமில்லை, அதனால்தான் ஃபாக்ஸ் ஒப்பந்தத்தை முறிக்கிறது என்பது அதன் வாதம். கெடு தவறியது கெந்திங்தான் என்றது ஃபாக்ஸ்.

கவனித்தாயா? கெந்திங்கை எவரும் வாங்கவில்லை. பூங்காவில் ஒரு செங்கல்கூடக் கைமாறவில்லை. கதைக்கு உரிமம் கொடுத்தவனை வேறொருவன் வாங்கினான், அவ்வளவுதான். 2019 ஜூலையில் சமரசம் ஆனது. 2022 பிப்ரவரியில் கெந்திங் ஸ்கைவர்ல்ட்ஸ் என்ற பெயரில் கதவு திறந்தது. ஐஸ் ஏஜ், ரியோ எல்லாம் தங்கின. ஃபாக்ஸ் என்ற பெயர் பலகையில் இல்லை.

கம்பெனி கைமாறுவது நம் ஆட்களுக்குப் புதிதா என்ன? 1981 செப்டம்பர் 7 அன்று லண்டன் பங்குச் சந்தையில் சில மணி நேரத்துக்குள் பிரிட்டிஷ் தோட்டக் கம்பெனியான கத்ரி, மலேசிய அரசின் முதலீட்டு நிறுவனமான பிஎன்பியின் கைக்கு வந்தது. நாடே கொண்டாடியது. பால்மரம் வெட்டுகிறவனுக்கு மறுநாளும் அதே பெரட்டு, அதே மண்டோர், அதே மங்கு. தோட்டம் ஆட்டம் கண்டது பிறகு, மரத்தைவிட மண்ணுக்கு விலை ஏறியபோது. தூரம் போக வேண்டாம், நம் கூலாயின் இந்தாபுராவையே பார். அதுவும் தோட்ட நிலம்தான், அதுவும் கெந்திங் குழுமம்தான்! 2011இல் அமெரிக்காவின் சைமன் நிறுவனத்தோடு சேர்ந்து ஜொகூர் பிரிமியம் அவுட்லெட்ஸைத் திறந்தார்கள். நீ சப்பாத்து வாங்கப் போகும் இடத்தின் பூர்வீகம் அது.

ஆகவே யார் வாங்கினார் என்று நான் முதலில் கேட்பதில்லை. மதிப்பு எதில் இருக்கிறது என்று கேட்கிறேன். தோட்டத்தில் அது மண்ணில் இருந்தது. கேளிக்கைப் பூங்காவில் பெரும்பாலும் இன்னொருவருடைய பெயரில் இருக்கிறது. அதைத் தெரிந்துகொள்ளத்தான் ஓய்வுபெற்ற பிறகு நாவல்களைவிட ஆண்டறிக்கைகளைத்தான் அதிகம் படிக்கிறேன். பின்பக்கத்துப் பொடி எழுத்துக் குறிப்புகளைத் தொடாமல் "அறிக்கையைப் பார்த்தேன் சார்" என்று என்னிடம் வராதே.

இனி லெகோலாந்து. 2005இல் லெகோ நிறுவனம் தன் பூங்காக்களை மெர்லின் என்ற கேளிக்கைப் பூங்கா நிறுவனத்துக்கு விற்றபோது, லெகோவின் உரிமையாளர் குடும்பம் கிர்க்பி என்ற தன் முதலீட்டு நிறுவனத்தின் வழியே மெர்லினில் பங்கு பெற்றுக்கொண்டது. 2019இல் கிர்க்பி, பிளாக்ஸ்டோன் முதலீட்டு நிறுவனத்தோடும் கனடா ஓய்வூதிய நிதியோடும் சேர்ந்து மெர்லினையே சுமார் 590 கோடி பவுன் மதிப்பில் வாங்கியது. பெயருக்குச் சொந்தக்காரரே முதலாளிகளில் ஒருவர். அதனால் 2012இல் நூசாஜெயாவில் திறந்த நம் பூங்காவுக்குக் கெந்திங்கின் கதி வர வாய்ப்புக் குறைவு என்பது என் கணிப்பு.

காசு கொட்டும் என்றாயே, அதற்கு மட்டும் ஒன்று சொல்கிறேன். 2007இல் டுசாட்ஸ் குழுமத்தை வாங்கிய மெர்லின், அதோடு வந்த இங்கிலாந்தின் ஆல்டன் டவர்ஸ் பூங்காவின் நிலத்தை அதே ஆண்டு விற்றுக் காசாக்கியது. பிறகு அதே இடத்தில் குத்தகைக்கு இருந்துகொண்டு பூங்காவை நடத்தியது.

அன்புடன்,
உன் வாத்தியார்