கண்ணாடிக்குப் பின்னால் ஒரு கண்

தெருவில் நிற்கும் காரின் முன் கண்ணாடியைப் பாருங்கள். உள்பக்கம், மேலே, நடுவில் ஒரு சின்னக் கண்ணாடி தொங்கும். பின்னால் வரும் வண்டியைப் பார்ப்பதற்கு அது. அதற்கும் முன்னால், பெரிய கண்ணாடியை ஒட்டினாற்போல ஒரு கறுப்புப் பெட்டி இருக்கிறதா? எல்லாக் கார்களிலும் இருக்காது. புதிதாக வந்த பல கார்களில் இருக்கும். அதற்குள் ஒரு கேமரா இருக்கிறது.

கல்யாண வீட்டில் படம் எடுக்கும் கேமரா போன்றதல்ல இது. சாலையைப் பார்த்துக்கொண்டே இருப்பதுதான் இதன் வேலை. சாலையில் போட்ட வெள்ளைக் கோட்டைப் பார்க்கும். முன்னால் போகும் லாரியைப் பார்க்கும். குறுக்கே நடக்கும் ஆளைப் பார்க்கும். பார்த்ததைக் காரில் உள்ள கம்ப்யூட்டருக்குச் சொல்லும். முன் வண்டி மிக அருகில் வந்துவிட்டால் கார் 'பீப், பீப்' என்று கத்தும். ஓட்டுநர் கவனிக்காவிட்டால் தானே பிரேக் போடும். கோட்டைத் தாண்டிச் சாய்ந்து போனால் ஸ்டீயரிங்கைக் கொஞ்சம் திருப்பிவிடும். ஓட்டுநருக்கு உதவும் இந்த ஏற்பாட்டை 'ஏடாஸ்' என்று சொல்கிறார்கள்.

நம் நாட்டில் 2020-இல் எம்.ஜி. குளோஸ்டர் காரில் இது வந்தது. 2021-இல் மகிந்திரா எக்ஸ்.யூ.வி. 700 காரிலும், 2022-இல் ஹோண்டா சிட்டி ஹைபிரிட் காரிலும் வந்தது. முதலில் விலை கூடிய கார்கள். பிறகு நடுத்தர விலைக் கார்கள். பேருந்தும் விலக்கல்ல. நாக்பூர் மாநகரப் பேருந்துகளில் 2021-இல் தொடங்கிய ஒரு சாலைப் பாதுகாப்புத் திட்டத்தில் இப்படிப்பட்ட கேமராக்களைப் பொருத்தினார்கள். அவை பிரேக் போடுவதில்லை. ஓட்டுநரை எச்சரிக்கும். அவ்வளவுதான்.

சரி, அந்த முன் கண்ணாடி உடைந்தால் என்ன ஆகும்?

பெங்களூரு ஆஸ்டின் டவுனைத் தமிழர் பலருக்குத் தெரியும். அரசு அதற்கு வைத்த பெயர் கிட்டல் நகர். கன்னட அகராதி தயாரித்து 1894-இல் வெளியிட்ட ஜெர்மன் பாதிரியார் கிட்டலின் பெயர் அது. ஆனால் ஆட்டோவில் ஏறி 'கிட்டல் நகர்' என்று சொல்பவர் குறைவு. இந்தப் பகுதியில் தமிழ்க் குடும்பங்கள் நிறைய. ஓட்டுநர் வேலை பார்ப்பவர்களும் உண்டு. ஓட்டுவது முதலாளியின் கார். கீறல் விழுந்தால் முதலில் கேள்வி கேட்கப்படுவது ஓட்டுநரைத்தான்.

அப்படி ஒரு ஓட்டுநரை நினைத்துக்கொள்ளுங்கள். ஓசூர் சாலையில் முன்னால் ஜல்லி ஏற்றிய லாரி. ஒரு கல் தெறித்தது. 'டக்' என்று சத்தம். கண்ணாடியில் சிலந்தி வலை போல விரிசல். மறுநாள் கண்ணாடிக் கடைக்குப் போகிறார்.

"ஜே.சி. ரோட்டில ஒரு கடையில அரை நாள்ல முடிச்சுத் தர்றேன்னாங்க. நீங்க நாளைக்கு வான்னு சொல்றீங்களே அண்ணா?" என்று கேட்கிறார்.

"கண்ணாடி மாத்துறது அரை நாள் வேலைதான் தம்பி. ஆனா உன் வண்டியில கேமரா இருக்கே. அதுக்கு மறுபடியும் நேர் காட்டணும்" என்கிறார் கடைக்காரர்.

"கேமரா உடையலையே! கண்ணாடிதானே உடைஞ்சுது?"

"கேமரா எதுல மாட்டியிருக்கு, பார்."

ஓட்டுநர் குனிந்து பார்க்கிறார். கேமராவைப் பிடித்திருக்கும் கொக்கி கண்ணாடியிலேயே ஒட்டியிருக்கிறது.

கடைக்காரர் சொன்னதுதான் விஷயம். பழைய கண்ணாடியை எடுக்கும்போது கேமராவைக் கழற்ற வேண்டும். புதுக் கண்ணாடியில் வேறு கொக்கி இருக்கும். அது ஒரு நூல் அளவு தள்ளி ஒட்டப்பட்டிருக்கலாம். கண்ணாடியைச் சட்டத்தில் பதிக்கும் பசை ஒரு பக்கம் கொஞ்சம் தடித்திருக்கலாம். கண்ணாடியின் வளைவும் கொஞ்சம் மாறலாம். நம் கண்ணுக்கு இது எதுவும் தெரியாது. கேமராவுக்கு இது பெரிய விஷயம்.

எவ்வளவு பெரிய விஷயம்? வீட்டிலேயே செய்து பார்க்கலாம். ஒரு மீட்டர் நீளக் குச்சியைத் தரையில் வையுங்கள். ஒரு நுனியை விரலால் அழுத்திப் பிடியுங்கள். மறு நுனியை ஒன்றேமுக்கால் சென்டிமீட்டர் நகர்த்துங்கள். ஒரு விரல் அகலம்தான். இந்தக் கோணலுக்கு ஒரு டிகிரி என்று பெயர். இதே கோணலோடு கோட்டை நீட்டிக்கொண்டே போனால், 50 மீட்டர் தூரத்தில் 87 சென்டிமீட்டர் விலகிப்போகும். 100 மீட்டரில் 175 சென்டிமீட்டர் விலகும்.

நெடுஞ்சாலையில் ஒரு வண்டி போகும் தடத்தின் அகலம் பொதுவாக மூன்றரை மீட்டர். அதில் சரிபாதி 175 சென்டிமீட்டர். இப்போது யோசித்துப் பாருங்கள். பக்கத்துத் தடத்தில் ஒரு ஸ்கூட்டர் போகிறது. கோணல் கேமரா அதை நம் தடத்தில் போவதாக நினைக்கலாம். காலியான சாலையில் கார் திடீரென்று பிரேக் போடும். பின்னால் வருகிற லாரி என்ன செய்யும்? இன்னொரு வகையிலும் தவறு நடக்கலாம். நம் தடத்தில் உண்மையாகவே ஒரு வண்டி நிற்கும். கேமரா அதைப் பக்கத்துத் தடத்தில் இருப்பதாக நினைக்கும். எச்சரிக்கை தாமதமாக வரும். மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்தில் கார் ஒரு நொடியில் 22 மீட்டர் போய்விடும்.

கண்ணாடியைப் பற்றியும் கொஞ்சம் தெரிந்துகொள்ள வேண்டும். முன் கண்ணாடி ஒற்றைக் கண்ணாடி இல்லை. இரண்டு கண்ணாடிகளுக்கு நடுவில் பிளாஸ்டிக் தாள் வைத்து ஒட்டியது. அதனால்தான் உடைந்தாலும் சிதறிக் கொட்டுவதில்லை. பிரான்சு நாட்டு பெனடிக்டஸ் என்பவர் இப்படிப்பட்ட கண்ணாடிக்கு 1909-இல் காப்புரிமை பெற்றார். பக்கக் கண்ணாடி பெரும்பாலும் வேறு வகை. உடைந்தால் கற்கண்டு போல நொறுங்கிவிடும்.

ஒரே காருக்கு இரண்டு மூன்று வகை முன் கண்ணாடி வருவதும் உண்டு. கேமரா உள்ள வண்டிக்கு ஒன்று. இல்லாத வண்டிக்கு ஒன்று. மழையை உணரும் கருவி உள்ள வண்டிக்கு வேறு ஒன்று. பார்க்க ஒன்றுபோல இருக்கும். விலை குறைவு என்று வேறு வகையை வாங்கினால் கேமராவைச் சரியாக மாட்டவே முடியாது. பொருத்திய பிறகு பசை காயவும் நேரம் வேண்டும். காயாத பசையோடு வண்டியை எடுத்தால் விபத்தில் கண்ணாடி பெயர்ந்துவிடும். எத்தனை மணி நேரம் என்பது பசையைப் பொறுத்தது. கடைக்காரரைக் கேட்டுவிட்டு அதுவரை காத்திருக்க வேண்டும்.

கேமராவுக்கு நேர் காட்டும் வேலையைக் 'கேலிபரேஷன்' என்று மெக்கானிக்குகள் சொல்கிறார்கள். பெயர் புதிது. வேலை நமக்குத் தெரிந்ததுதான். மளிகைக் கடைத் தராசைப் பழுது பார்த்தால் மறுபடி சோதித்து முத்திரை போடாமல் அதில் எடை போடக் கூடாது அல்லவா? அதைப் போல.

இதை இரண்டு வகையாகச் செய்வார்கள். காரைச் செய்த கம்பெனியின் புத்தகம் எந்த வகை என்று சொல்லும். சில கார்களுக்கு இரண்டும் தேவை.

முதல் வகையில் வண்டி நகராது. மேடு பள்ளம் இல்லாத தரை வேண்டும். நான்கு டயர்களிலும் சரியான காற்று இருக்க வேண்டும். டிக்கியில் அரிசி மூட்டை, சிலிண்டர் எதுவும் இருக்கக் கூடாது. பாரம் இருந்தால் காரின் பின்பக்கம் தாழும். மூக்கு மேலே தூக்கும். கேமரா வானத்தைப் பார்க்கும்!

பிறகு காரின் நடுக்கோட்டைக் கண்டுபிடிக்க வேண்டும். இதற்குச் சில இடங்களில் எதைப் பயன்படுத்துகிறார்கள் தெரியுமா? கொத்தனார் வைத்திருப்பாரே, அந்தத் தூக்குக்குண்டு! காரின் முன்பக்க நடுவிலிருந்து தூக்குக்குண்டைத் தொங்கவிடுவார்கள். அது தொடும் இடத்தில் சாக்குக்கட்டியால் தரையில் புள்ளி வைப்பார்கள். பின்பக்க நடுவிலும் அப்படியே ஒரு புள்ளி. இரண்டு புள்ளிகளையும் இணைத்து நூல் பிடிப்பார்கள். நூலைக் காருக்கு முன்னால் நீட்டுவார்கள். அதுதான் நடுக்கோடு. சுவர் எழுப்புகிறவருக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. பெரிய கூடங்களில் நூலுக்குப் பதில் லேசர் ஒளிக்கோடு வந்துவிட்டது. கணக்கு மாறவில்லை.

அந்தக் கோட்டின் மேல், புத்தகத்தில் சொன்ன தூரத்தில், சொன்ன உயரத்தில் ஒரு பலகையை நிறுத்துவார்கள். பலகையில் கறுப்பு வெள்ளைக் கட்டங்கள் இருக்கும். ஸ்டீயரிங்குக்குக் கீழே உள்ள துளையில் ஒரு கருவியைச் செருகுவார்கள். கேமரா பலகையைப் பார்க்கும். கட்டங்கள் எங்கே தெரிய வேண்டும் என்பது கம்ப்யூட்டருக்கு முன்பே தெரியும். எங்கே தெரிகின்றன என்று இப்போது பார்க்கும். இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தைக் குறித்துக்கொள்ளும்.

இதில் ஒன்றைக் கவனியுங்கள். பொதுவாகக் கேமராவை யாரும் திருகித் திருப்புவதில்லை. அது எவ்வளவு கோணல் என்பதைக் கம்ப்யூட்டர் தெரிந்துகொள்கிறது. வீட்டுக் கடிகாரம் ஐந்து நிமிடம் முந்தி ஓடுகிறது. தெரிந்தவர் மனதுக்குள் ஐந்து நிமிடத்தைக் கழித்துக்கொள்கிறார். தெரியாதவர் பேருந்து நிறுத்தத்தில் சும்மா நிற்கிறார். அதே கதைதான். கோணல் மிக அதிகமாக இருந்தால் கருவி ஒப்புக்கொள்ளாது. அப்போது கண்ணாடியையோ கொக்கியையோ திரும்பப் பார்க்க வேண்டும்.

இரண்டாவது வகையில் வண்டியை ஓட்ட வேண்டும். கருவியைச் செருகிக்கொண்டு, சொன்ன வேகத்தில், சொன்ன நேரம் ஓட்ட வேண்டும். சாலையில் கோடுகள் தெளிவாக இருக்க வேண்டும். கேமரா ஓட ஓடக் கற்றுக்கொள்ளும். ஆஸ்டின் டவுன் போன்ற இடத்தின் சின்னத் தெருக்களில் இது நடக்காது. வழியில் தள்ளுவண்டி, ஆட்டோ, பந்தாடும் பிள்ளைகள். கோடு போட்ட நெடுஞ்சாலைக்குப் போக வேண்டும். கொட்டும் மழையில் போகக் கூடாது. கடைக்காரர் 'நாளைக்கு வா' என்று சொன்னதில் நியாயம் இருக்கிறது.

"விளக்கு எதுவும் எரியலையே அண்ணா. எல்லாம் சரியாத்தானே இருக்கு?" என்று ஓட்டுநர் கேட்கலாம்.

கோணல் கேமரா உள்ள சில கார்களில் மஞ்சள் விளக்கு எரியும். உதவி வேலை செய்யாது என்று எழுத்தும் வரும். எல்லாக் கார்களும் இப்படிச் சொல்வதில்லை. விளக்கு எரியாததால் மட்டும் கேமரா நேராக இருக்கிறது என்று முடிவு செய்ய முடியாது. கண்ணாடியை மாற்றினால் மட்டும்தான் இந்த வேலை என்றும் இல்லை. கேமராவைக் கழற்றி மாட்டினாலும் தேவைப்படலாம். காரின் உயரம் மாறும்படி வேலை செய்தாலும் தேவைப்படலாம். பல கார்களில் முன்பக்கம் 'ரேடார்' என்ற கருவியும் இருக்கும். பம்பர் அடிபட்டால் அதையும் சோதிக்க வேண்டும்.

ஆயுத பூஜை வருகிறது. காரைக் கழுவிச் சந்தனம், குங்குமம் வைப்போம். தாராளமாக வையுங்கள். கேமராவுக்கு நேர் முன்னால் மட்டும் வேண்டாம். முன்பக்கம் வாழைக்கன்று கட்டினால், வண்டியை ஓட்டும் முன் அவிழ்த்துவிடுங்கள். ரேடாருக்கு இலை மறைத்துவிடும். சுங்கச் சாவடிக்கான 'ஃபாஸ்டேக்' வில்லையும் கண்ணாடியில்தான் ஒட்டியிருக்கும். பழைய கண்ணாடியோடு அது போய்விடும். புது வில்லைக்கு, அதைக் கொடுத்த வங்கியைக் கேட்க வேண்டும். அதையும் கேமராவை மறைக்காமல் ஒட்ட வேண்டும்.

கடைசியில் பணம். முழுக் காப்பீடு உள்ள கார் என்றால் கண்ணாடிக்குக் காப்பீட்டில் பணம் கேட்கலாம். டயர், பிளாஸ்டிக் பாகங்களுக்குத் தேய்மானம் என்று பாதியைக் கழிப்பார்கள். கண்ணாடிக்கு அப்படிக் கழிப்பதில்லை. ஆனால் பணம் கேட்டால், அடுத்த ஆண்டு கிடைக்க வேண்டிய 'நோ கிளெய்ம் போனஸ்' என்ற தள்ளுபடி போய்விடலாம். கேலிபரேஷன் செலவு காப்பீட்டில் சேருமா என்பதை வேலைக்கு முன்பே கேட்டு, எழுத்தில் வாங்கிக்கொள்வது நல்லது. முதலாளியின் கார் என்றால் அவரிடமும் அப்போதே சொல்லிவிட வேண்டும். வேலை முடிந்ததும் கருவி ஒரு அறிக்கை தரும். அதில் தேதியும், வண்டி எண்ணும், வேலை நிறைவேறியது என்பதும் இருக்கும். அதன் நகல் ஒன்று காரில் இருக்கட்டும். பிறகு ஏதாவது நடந்தால் ஓட்டுநரின் பேச்சுக்குத் துணை அந்தத் தாள்தான்.

கேமரா உள்ள ஒரு காருக்குக் கடையில் கொடுத்த பில் கீழே இருக்கிறது. படித்துப் பாருங்கள்.

முன் கண்ணாடி – 1
பசை – 1
ரப்பர் பட்டை – 1
பொருத்தும் கூலி
பெற்றுக்கொண்டேன்: (கையெழுத்து)

இந்தப் பில்லில் எந்த வேலை எழுதப்படவில்லை? கையெழுத்துப் போடும் முன் கடைக்காரரிடம் என்ன கேட்பீர்கள்?