எவ்வளவு தெரிகிறது?



பெத்சாயிதாவில் பார்வையற்ற ஒருவரை நம் ஆண்டவர் குணப்படுத்திய நிகழ்ச்சியை மாற்கு நற்செய்தியில் வாசிக்கிறோம் (8:22-26). மற்றப் புதுமைகளில் இல்லாத ஒன்று இதிலே உண்டு. முதலில் கை வைத்தபின், ஏதும் தெரிகிறதா என்று ஆண்டவர் அவரிடமே கேட்கிறார். அவரும் உள்ளதைச் சொல்கிறார்: ஆட்கள் நடமாடுவது தெரிகிறது, உருவமோ மரம்போல் மங்கல். ஆண்டவர் கடிந்துகொள்ளவில்லை, மறுபடியும் கை வைக்கிறார்.

அந்த மங்கலிலேயே ஆயுள் முழுவதும் வாழ்கிறவர்கள் நம் தோட்டங்களிலும் இருக்கிறார்கள். கண்ணாடியாலும் சிகிச்சையாலும் தீராத இதனை வைத்தியர்கள் குறைபார்வை என்கிறார்கள். மற்றவர் 18 மீற்றரில் காணும் எழுத்து, இவர்களுக்கு 6 மீற்றரிலும் தெரியாது.

நுவரெலியாவில் பனிமூட்டம் இறங்கிய காலையை நினைத்துப் பாருங்கள். ஆள் வருவது தெரியும், யாரென்று தெரியாது. குறை எல்லாருக்கும் ஒரேவிதமுமல்ல. கிளோக்கோமா முற்றியவருக்குக் குழாய்க்குள்ளால் பார்ப்பதுபோல் நேரே உள்ளது மட்டும் தெரியும். பத்திரிகை வாசிக்கிற அதே பெரியவர் லயத்துப் படியில் இடறி விழுகிறார். விழித்திரையின் நடுப்பகுதி பழுதானவரோ ஒற்றையடிப் பாதையில் தனியே நடப்பார். எதிரே நிற்கும் மகளின் முகம் தெரியாது.

நாம் என்ன சொல்கிறோம்? "வேண்டியது மட்டும் தெரியுதாம்!" கும்பிடாமல் போனால் பெருமை. கொழுந்தில் முற்றிய இலை கலந்தால் சோம்பல். கரும்பலகையைப் பார்த்து எழுதாத பிள்ளை மக்கு. இந்தப் பேச்சுக்குப் பயந்தே பலர் குறையை மறைக்கிறார்கள். வைத்தியரிடம் போகவேண்டிய காலமும் தப்பிவிடுகிறது. வெண்புரை பெரும்பாலும் சத்திரசிகிச்சையால் தீரும். கிளோக்கோமாவில் போன பார்வை திரும்பாது, மிஞ்சியதைக் காக்க மருந்துண்டு. நீரிழிவுள்ளவர்கள் வருடத்துக்கு ஒருமுறையேனும் கண்ணைக் காட்டவேண்டும். எது என்ன நோய் என்று லயத்திலிருந்து தீர்மானிக்க முடியாது. கண்டி தேசிய வைத்தியசாலையில் கண் பிரிவு இருக்கிறது. ஒரு நாள் சம்பளம் போகும். அது சிறிய காரியமல்லதான். போனாலும் போய்வாருங்கள்.

வீட்டிலே செய்யக்கூடியவற்றுக்கு அதிகம் செலவில்லை. வாசற்படியின் விளிம்பில் வெள்ளைப் பூச்சு அடியுங்கள். வெள்ளைப் பீங்கானில் சோறு தெரியாது, கடும் நிறப் பீங்கானில் போடுங்கள். பிளேன் டீக்கு வெள்ளைக் கோப்பைதான் நல்லது. வாசிக்கும்போது வெளிச்சம் தோளுக்குப் பின்னாலிருந்து வரட்டும். சாமான்களை இடம் மாற்றினால் சொல்லிவிடுங்கள். பிள்ளையை முன் வாங்கில் இருத்தும்படி ஆசிரியரிடம் கேளுங்கள்.

வழியில் கண்டால், "நான் யாரு, சொல்லுங்க பார்ப்போம்" என்று சோதிக்க வேண்டாம். உங்கள் பெயரைச் சொல்லிப் பேசுங்கள். வெள்ளைப் பிரம்பு பிடித்தவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தால் சிரிக்க வேண்டாம். அவருக்கு அவ்வளவு தெரிகிறது.