பொன் ரேக்கும் புதுப்பிக்கும் பொருள்களும்

ஸ்ரீவில்லிபுத்தூர் திவ்யதேசத்தில் ஆண்டாள் ஸந்நிதியின் விமானம் பொன்வேய்ந்து 2016ஆம் ஆண்டு ஸம்ப்ரோக்ஷணம் கண்டது. ராஜபாளையம் முதலான ஊர்களிலிருந்து ஆடிப்பூர உத்ஸவத்திற்கு வரும் ஆஸ்திகர்கள் அதனை அண்ணாந்து ஸேவிக்கையில், பொன்னுக்கு மூப்பில்லை என்றே எண்ணுவர். பொன்னளவில் அது மெய்யே. ஆனால் பொன்வேய்ந்த பொருள் பொன் மாத்திரமன்று. அடியில் செம்போ மரமோ, இடையில் பசையோ, பின்னாளில் பூசிய மெருகோ சேர்ந்த கூட்டு அது. இவை ஒவ்வொன்றும் வெவ்வேறு வேகத்தில் மூப்படைகின்றன.

செப்புத் தகட்டில் பாதரஸம் தடவி, ரேக்கு ஒட்டிச் சூடேற்றுவது தொன்முறை. பாதரஸம் ஆவியாகிப் பிரிய, பொன் செம்பை இறுகப் பற்றும். (அவ்வாவி கொடிய நஞ்சு, வேலை செய்வோரின் உடல்நலத்தைத் திருப்பணி செய்விப்போர் மறத்தலாகாது.) அமிர்தசரஸ் பொற்கோயிலில் மஹாராஜா ரஞ்ஜித் ஸிங் காலத்தில் வேய்ந்த பொன்னுக்கு 1995 முதல் 1999 வரை பெரும்பணி நிகழ்ந்தது. இடைப்பட்ட காலம் ஒன்றரை நூற்றாண்டுக்கும் மேல். அத்தகைய வேலையிலும் பொன்னில் கண்ணுக்குப் புலப்படாத துளைகள் உண்டு. ஈரமும் பறவை எச்சமும் அவ்வழியே இறங்கிச் செம்பைக் களிம்பேற்றும். களிம்பு மேலெழுந்து பொன்னைக் கறைப்படுத்தும். புளியிட்டுத் தேய்த்தால் அன்று பளபளக்கும். ஆனால் புளிப்பு துளைவழி செம்பை அரிக்க, தேய்ப்பு பொன்னையே எடுத்துவிடும்.

மரவாகனங்களின் நிலை இன்னும் நுட்பமானது. ரேக்கின் கீழே சுண்ணப்பொடியும் பசையும் கலந்த பூச்சு உண்டு. அது மழைக்காலத்தில் ஈரம் ஏற்றுப் பருக்கும், கோடையில் சுருங்கும். நாளடைவில் வெடித்து ரேக்கைத் தூக்கிவிடும். உத்ஸவம் நெருங்குகையில் அவ்விடத்தில் கடையில் விற்கும் தங்கநிறப் பெயிண்டை அடித்துவிடுவது எளிய வழக்கமாகிவிட்டது. இதனினும் கேடு வேறில்லை. அந்தப் பொடி பொன்னன்று. செம்பும் துத்தநாகமும் கலந்த பித்தளைப் பொடி. எண்ணெயிலுள்ள அமிலம் செம்போடு கூடிப் பச்சை பாரிக்கும். சில ஆண்டுகளில் நிறம் கருகும். பின்பு அதனை நீக்கப் புகுந்தால் அடியிலுள்ள பழைய ரேக்கும் உடன் வந்துவிடும். உபயதாரர் நல்லெண்ணத்துடன் அளித்த பணம் முன்னோர் இட்ட பொன்னை அழிக்கிறது.

அரக்கு மெருகும் முதலில் பொன்னுக்கு இசைந்தே தோன்றும். ஆண்டுகள் செல்லப் பழுப்பேறி, முன்பு கரைத்த சாராயத்திலும் கரையாமல் இறுகிப்போகும். அருங்காட்சியகங்களில் இக்காலத்தில் பாரலாய்டு பி-72 என்னும் செயற்கைப் பிசினைக் கையாளுகின்றனர். அது எளிதில் மஞ்சளிக்காது. நெடுங்காலம் சென்றும் கரைத்து எடுக்கலாம். உதிர்ந்த இடத்தை நிரப்ப, கறுக்காத அப்பிரகப் பொடியையும் சேர்ப்பர். எனினும் அப்பிசின் ஏறத்தாழ 40 டிகிரி ஸெல்ஸியஸ் வெப்பத்திலேயே இளகத் தொடங்கும். நம் சித்திரை வெயிலில் உலோகம் அதற்கு மேலும் சுடுமாகையால் தூசு ஒட்டிக்கொள்ளும். குளிர்தேசத்து அருங்காட்சியகத்திற்கு உகந்தது விமானத்திற்கு உகந்ததாகாது. நிழலில் வைக்கும் வாகனத்திற்கு ஒருவாறு பொருந்தும்.

ஜீர்ணோத்தாரணத்திற்குமுன் பாலாலயம் செய்து ஸாந்நித்தியத்தை வேறிடத்தில் எழுந்தருளப்பண்ணுவது ஆகம விதி. அவ்விடைவெளி பரிசோதனைக்கும் நல்ல வாய்ப்பு. எந்தப் பூச்சையும் கண்படாத ஓரத்தில் சிறிதளவு இட்டு, ஒரு கோடையும் ஒரு மழைக்காலமும் கழித்துப் பார்த்தல் நன்று. இட்ட பொருளின் பெயர், இடம், ஆண்டு ஆகியவற்றைக் கோயில் ஏட்டில் எழுதிவைத்தால், அடுத்த திருப்பணிக்கு வரும் ஸ்தபதி எதைக்கொண்டு எதை நீக்குவது என்று தடுமாறமாட்டார். ஆடிப்பூர ஐந்தாம் திருநாளில் ஐந்து கருட ஸேவை முடிந்து வாகனங்கள் மண்டபம் திரும்பியதும், தூசைத் தட்ட உலர்ந்த மெல்லிய மயிர்த் தூரிகையே போதுமானது.