கீரையின் சத்தை அளப்பது எப்படி?

கேள்வி: வல்லாரை, பொன்னாங்காணி, அகத்தி போன்ற கீரைகளில் உடம்புக்கு நன்மை தரும் சேர்வைகள் இவ்வளவு இருக்கின்றன என்று எப்படி அளக்கிறார்கள்? ஒரே கீரைக்கு இரண்டு இடங்களில் இரண்டு கணக்கு வருவது ஏன்?
– வாசகர், கல்முனை

பதில்: கீரையில் பெரும்பாலும் அளக்கப்படுபவை இரு வகைச் சேர்வைகள். கொழுப்பில் கரையும் கரற்றினொயிட்டுகள் ஒரு வகை. உடம்பு விற்றமின் ஏ ஆக மாற்றிக்கொள்ளும் பீற்றா கரற்றீனும் விழித்திரையில் சேரும் லூட்டினும் இவற்றில் அடங்கும். மற்றவை பொலிபீனோல்கள், நீர் கலந்த மதுசாரத்தில் கரைபவை. ஆகவே ஒரே சாற்றை வைத்து இரண்டையும் சரிவர அளக்க இயலாது.

கரற்றினொயிட்டுக்கு இலையை அசற்றோன் விட்டு அரைத்து வடிப்பார்கள். சக்கை வெளுக்கும்வரை இது திரும்பத் திரும்ப நடக்கும். வெளிச்சம் பட்டாலே சிதையும் சேர்வை என்பதால் மங்கலான ஒளியில்தான் வேலை. சாற்றினூடாக 450 நனோமீற்றர் அளவிலான ஒளியைச் செலுத்தி, எவ்வளவு உறிஞ்சப்படுகிறது என்று பார்த்தால் மொத்த அளவு கிடைக்கும். லூட்டின் எவ்வளவு, பீற்றா கரற்றீன் எவ்வளவு என்று தனித்தனியே அறிய நிறப்பகுப்பு முறை வேண்டும். அந்த முறை பிறந்ததே இலைச்சாற்றில்தான். ரஷ்யத் தாவரவியலாளர் மிகயீல் ஸ்வெற் சுண்ணத்தூள் நிரப்பிய கண்ணாடிக் குழாயில் இலைச்சாற்றை ஊற்ற, பச்சையும் மஞ்சளும் தனித்தனிப் பட்டைகளாகப் பிரிந்தன. 1906 இல் அதை அவர் விரிவாக வெளியிட்டார். இன்றைய ஆய்வுகூடங்களில் அதே வேலையை உயரழுத்தத் திரவ நிறப்பகுப்புக் கருவி செய்கிறது.

பொலிபீனோலுக்கு ஃபோலின் சோதனை. சாற்றில் மஞ்சள் நிறக் கரைசலைச் சேர்த்தால் அது நீலமாகும். நீலம் எவ்வளவு அடர்த்தியோ அவ்வளவு பொலிபீனோல். ஆனால் விற்றமின் சி உம் அதே நீலத்தைத் தரும். விற்றமின் சி நிறைந்த பச்சைக் கீரைக்கு இந்தச் சோதனை சற்றுக் கூட்டியே சொல்லும்.

கணக்குகள் முரண்படுவதற்கு முதற்காரணம் நீர். கீரையில் பெரும்பாலும் 85 முதல் 90 வீதம் நீர்தான். அதனால் உலர்ந்த எடைக்குச் சொல்லும் அளவு, பச்சை எடைக்குச் சொல்லும் அளவைவிட ஏழு முதல் பத்து மடங்கு பெரிதாகத் தெரியும். முருங்கையிலைத் தூளைப் பச்சைக் கரட்டோடு ஒப்பிடும் விளம்பரங்கள் இதைச் சொல்வதில்லை. அது வாசகரை ஏய்ப்பதுதான். இன்னொரு காரணம் மாற்றுக் கணக்கு. பழைய அட்டவணைகள் உணவிலுள்ள 6 மைக்கிரோகிராம் பீற்றா கரற்றீனை 1 மைக்கிரோகிராம் விற்றமின் ஏ ஆகக் கொண்டன. அமெரிக்க மருத்துவ நிறுவகம் 2001 இல் அதை 12 ஆக்கியது. இலையில் எந்த மாற்றமும் இல்லாமலே அதன் விற்றமின் ஏ கணக்குப் பாதியாகிவிட்டது.

‘ஒட்சியேற்ற எதிர்ப்பு வலு’ என்று வரும் எண்களில் இன்னும் கவனம் தேவை. சோதனைக் குழாயில் தெரியும் வலு உடம்பிலும் அப்படியே நிகழும் என்பதற்கு ஆதாரம் போதாது. அமெரிக்க விவசாயத் திணைக்களம் அத்தகைய பட்டியலொன்றை 2012 இல் தன் இணையத்திலிருந்தே நீக்கியது.

சமையலும் அளவை மாற்றும். குணதிலக, ரணவீர, ரூபசிங்க ஆகிய இலங்கை ஆய்வாளர்கள் வல்லாரை, அகத்தி, ஆவாரை உட்பட ஆறு இலைகளை அவித்தும் ஆவியில் வேகவைத்தும் பொரித்தும் அளந்து 2018 இல் முடிவுகளை வெளியிட்டனர். பொரித்தபோது சேர்வைகள் குறைந்தன. மற்ற இரு முறைகளில் விளைவு இலைக்கு இலை வேறுபட்டது. கரற்றினொயிட்டு குடலில் உறிஞ்சப்படக் கொழுப்பும் வேண்டும். கீரைச் சுண்டலில் போடும் தேங்காய்ப்பூ அந்தக் கொழுப்பைத் தருகிறது.