அச்சில் தனிவண்ணமும் தமிழ்ப் புள்ளியும்

மெய்யெழுத்துப் புள்ளி பெறும் என்பது தொல்காப்பிய மரபு. ஆயினும், ஓலையில் எழுதியோரும் கல்லில் வெட்டியோரும் புள்ளியைப் பெரும்பாலும் இட்டாரல்லர். நம் உத்திரமேரூரில் முதற் பராந்தகன் காலத்துக் (கி.பி. 919, 921) குடவோலைக் கல்வெட்டுகளைக் காணச் செல்லும் மாணவர் இதனை முதலில் அறிதல் வேண்டும். கல, கல் என்பவற்றை அங்கு இடம் நோக்கியே வேறுபடுத்த இயலும். அச்சுக்கலை வளர்ந்த பின்னரே புள்ளி நிலைபெற்றது. அவ்வாறு நிலைபெற்ற புள்ளி, வண்ண அச்சில் மீண்டும் மறையும் வாய்ப்புண்டு. அது எவ்வாறு என்பதையும், அதனைக் காக்கும் வழியையும் ஈண்டுக் காண்போம்.

ஆப்செட் அச்சில் வண்ணம் பெறும் வழி இரண்டு. சயான், மெஜந்தா, மஞ்சள், கருப்பு ஆகிய நான்கு மைகளை நுண்புள்ளிகளாகப் பதித்து, கண்ணுக்குப் பல நிறமாகத் தோன்றச் செய்தல் ஒன்று. வேண்டிய நிறத்தையே மையாகக் குழைத்து, அதற்கெனத் தனிப் பிளேட்டு அமைத்து அச்சிடுதல் மற்றொன்று. பின்னதே ஸ்பாட் கலர் எனப்படும் தனிவண்ணம். காஞ்சிபுரத்து நெசவாளர் அரக்கு நிறம் வேண்டின், நூலையே அரக்குச் சாயத்தில் தோய்த்தெடுப்பர், தனிவண்ணமும் அத்தகையதே.

அரக்கு நிறத் தலைப்பொன்றை நால்வண்ண முறையில் அச்சிடுவதாகக் கொள்வோம். அங்குலத்திற்கு 150 வரிகள் கொண்ட திரையில், நுண்புள்ளிகளுக்கிடையே உள்ள தொலைவு ஏறத்தாழ 0.17 மில்லிமீட்டர். சிறிய எழுத்தின் மெய்ப்புள்ளியோ அரை மில்லிமீட்டர் அளவினது. எனவே அதன் குறுக்கே இரண்டு மூன்று நுண்புள்ளிகளே அடங்கும். பிளேட்டுகள் மயிரிழை விலகினும் புள்ளி சிதையும். தனிவண்ணத்தில் எழுத்து முழுமையும் ஒரே மையால் அமைவதால் இக்குறை இல்லை. பொன், வெள்ளி நிறங்களுக்கோ தனி மையே வேண்டும். உலோகப் பளபளப்பு நான்கு மைகளால் வாராது.

சிக்கனமும் இதனுடன் சேர்ந்தது. கருப்பும் பச்சையுமாக வெளிவரும் மலருக்கு இரண்டு பிளேட்டுகளே போதும். பச்சையின் 20 விழுக்காட்டுச் சாயலைப் பின்புலமாக இட்டால், மூன்றாம் மை இன்றியே மூன்றாம் நிறம் கிடைக்கும். வண்ணப் படங்கள் மிகுந்த பக்கங்களுக்கு நால்வண்ணமே ஏற்றது என்பதையும் மறத்தலாகாது.

முன்பு பேஜ்மேக்கரிலும் இன்று இன்டிசைனிலும், வண்ணத்தை உருவாக்கும்போதே அது ஸ்பாட்டா, பிராசஸா எனக் குறிக்க வேண்டும். பிராசஸ் என விட்டுவிட்டால் பச்சை நான்கு மைகளாகப் பிரிந்துவிடும். மேலும், ஒரு வண்ணத்திற்கு ஒரே பெயர் வேண்டும். முகப்பில் 'பச்சை' என்றும் இணைத்த சின்னத்தில் 'கல்லூரிப் பச்சை' என்றும் இருப்பின், கணினி அவற்றை இரு மைகளாகவே கொண்டு இரு பிளேட்டுகளைத் தரும். இங்க் மேனேஜர் வழியே அவற்றை ஒன்றாக்கலாம்.

திரையில் காணும் நிறத்தை நம்பலாகாது. 1963ஆம் ஆண்டு முதல் வழங்கும் பான்டோன் போன்ற வண்ண அட்டையைப் பார்த்தே மையைத் தேர்ந்தெடுத்தல் வேண்டும். ஒரே மை ஆர்ட் பேப்பரில் ஒளிர்ந்தும் மேப்லித்தோவில் மங்கியும் தோன்றும். இரு வண்ணங்கள் கூடுமிடத்தில் ஒன்று மற்றொன்றின் மேல் சிறிதே ஏறி நிற்றல் வேண்டும். இதனை டிராப்பிங் என்பர். கோர்வைப் புடவையில் உடலும் கரையும் பின்னிக் கொள்ளாவிடின் இடைவெளி தோன்றும் அன்றோ!

மெய்ப்புத் திருத்துவோர் ஒற்றுப்பிழை களைவதோடு தம் பணி முடிந்ததெனக் கருதுதல் கூடாது. செபரேஷன்ஸ் பிரிவியூ என்னும் வசதியைத் திறந்து, ஒவ்வொரு பிளேட்டிலும் எவ்வெழுத்து நிற்கிறது என்று நோக்குதல் வேண்டும். மலரில் சான்றோர் பெயர்களும் மாணவர் ஆக்கங்களும் இடம்பெறுகின்றன. ஒருவர் பெயரில் உள்ள புள்ளி மறைந்தால் அப்பெயரே திரியும். கணினிக் கூடங்களில் பணியேற்கவிருக்கும் நம் தமிழ் மாணவர், இலக்கணத்தோடு இந்நுட்பத்தையும் கற்பாராயின், பிழையற்ற தமிழைப் பொலிவோடு அச்சேற்றும் ஆற்றல் பெறுவர்.