அமைதியின் ஆவணங்கள்

நூலகம் வேறு, ஆவணக் காப்பகம் வேறு. அச்சேறிய நூலுக்குப் படிகள் பல உண்டு. கைப்பட எழுதிய மடலோ ஒன்றே ஒன்று. அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில், குவேக்கர் சமயத்தார் 1864இல் நிறுவிய சுவார்த்மோர் கல்லூரி, அமைதிக்கு உழைத்தோரின் மடல்களைப் பேணி வருகிறது. 1930இல் ஜேன் ஆடம்ஸ் அம்மையார் தம் தாள்களை அங்கு வழங்கியதே தொடக்கம்.

1915இல் ஹேக் நகரில் ஆயிரத்திற்கும் மேற்பட்ட மகளிர் கூடிய அமைதி மாநாட்டிற்குத் தலைமை தாங்கியவர் அவர். போரை எதிர்த்தமையால், முன்பு போற்றிய நாளிதழ்களே அவரைத் தூற்றின. 1931இல் நோபல் பரிசு வந்தது. அது யாவரும் அறிந்ததே. அந்த இடைப்பட்ட ஆண்டுகளில் அவர் உள்ளம் பட்ட பாட்டை அறிய விரும்பின் நாம் மடல்களைத்தான் நாட வேண்டும்.

போர்ப்பணியை மறுத்த இளைஞர்களின் கடிதங்களும், சுவரொட்டிகளும், சட்டையில் குத்தும் சின்னங்களும்கூட அங்கு உள்ளன. சின்னங்களா என நகைக்க வேண்டா. அவற்றை அணிந்தோரிற் பலர் வேறெதையும் எழுதி வைக்கவில்லை.